பேலியகொட ஓட்டத்துக்குக் கட்டுகிற சாப்பாடு

யாழ்ப்பாணத்துக் குருநகரிலும் பாஷையூரிலும் மீன் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் பக்கத்திலுள்ள பேலியகொட மீன் சந்தைக்குப் போகிற லொறியில் நான் சாரதி. பின்னேரம் வெளிக்கிட்டால் விடியமுதல் போய் இறக்கியாக வேண்டும், பின்னால் பெட்டிகளில் உருகிக்கொண்டிருக்கிற ஐஸ் எங்கள் பசியைப் பார்த்து நிற்காது, அதனால் வழியில் கடையில் இருந்து சோறு வருமட்டும் பார்த்துக்கொண்டிருக்கிற கதையே இல்லை. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவதுதான். சூடாக்க அடுப்பும் கிடையாது, நேரமும் கிடையாது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பொடியன்கள் மத்தியானம் வீட்டில் சமைத்ததை அப்படியே பெட்டியில் போட்டுக்கொண்டு வருவார்கள். சோறு, பருப்பு, பால்விட்ட கத்தரிக்காய்க் கறி, கூடவே ஒரு சின்னப் போத்தலில் தேங்காய்ப்பால் சொதி. வவுனியாவுக்குக் கிட்டப் போய் மூடியைத் திறந்தால் புளித்த மணம் முகத்தில் அடிக்கும். சூடாகச் சாப்பிடவென்று சமைத்த சாப்பாடு ஆறினால் அப்படித்தான். ஆறின பிறகுதான் வாயில் வைக்கப்போகிறோம் என்று தெரிந்துகொண்டு சமைப்பது வேறு சமையல், அதற்குத் தேங்காய்ப்பாலும் தண்ணீரும்தான் முதல் எதிரி.

எங்கள் லொறியில் எஞ்சின் சீற்றுக்குக் கீழே இருக்கிறது. அந்த மூடியில் கை வைத்தால் எந்த நேரமும் ஒரு இளஞ்சூடு. சாப்பாட்டுப் பெட்டியை அதன் மேல் வைத்துவிட்டால் சூடாகவே இருக்குமே என்று பழைய ஆட்களே சொல்லுவார்கள், கேட்க நல்லாகத்தான் இருக்கும். ஆனால் அதைவிட மோசமான இடம் லொறியில் இல்லை. சோற்றில் பசிலஸ் சீரியஸ் என்று ஒரு பக்டீரியா வரும், அதன் வித்திகள் சோறு கொதித்தாலும் சாகாது, இளஞ்சூட்டில் கிடக்கும்போது முளைத்துப் பெருகி நஞ்சு விடும், வாந்தி எடுக்கவைக்கிற அந்த நஞ்சு பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் போகாது. சமைத்த சாப்பாட்டை 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகை செல்சியசுக்கும் இடையில் வைத்திருப்பது ஆபத்து, வெளியில் 2 மணித்தியாலத்துக்கு மேல் விடாதே என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான். எஞ்சின் மூடி அந்த இடைப்பட்ட சூட்டைத்தான் ராத்திரி முழுக்கக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

சரி, பின்னால் அவ்வளவு ஐஸ் இருக்கிறதே, அதற்குள் வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். பாரைக்கும் கணவாய்க்கும் நடுவில் வைத்த சோற்றைச் சாப்பிட மனம் வந்தாலும் பல்லு வராது. சோற்றில் இருக்கிற மாப்பொருள் உறையாமல் குளிர்ந்து கிடக்கிற வெப்பத்தில்தான் வேகமாக இறுகும், பிறிட்ஜில் வைத்த சோறு அடுத்த நாள் பருக்கை பருக்கையாக நிற்பதும் இதனால்தான். எங்கள் வீட்டுச் சிவப்பரிசி இன்னும் மோசம், சரளைக் கல்லுப் போலவே ஆகிவிடும். சூடாக்கினால் இளகும், சூடாக்க வழியில்லாதவனுக்கு என்ன செய்வது.

ஆகவே நான் சாப்பாட்டை முறிகண்டிக்கு முன், முறிகண்டிக்குப் பின் என்று பிரித்து வைத்திருக்கிறேன். ஏ9 வீதியில் போகிற எந்த வாகனமும் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்கும், கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டுதான் எடுப்பார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து அங்கே வர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம். ஈரமுள்ள சாப்பாடு எதுவென்றாலும் கடைசி நிமிடம் சமைத்து, ஆறவைத்து, கட்டி, பிள்ளையாரடியில் நின்று முடித்துவிட வேண்டும். அதைத் தாண்டினால் பையில் இருப்பது எல்லாம் காய்ந்தது, வறுத்தது, புளிபோட்டது.

முறிகண்டிக்கு முன் அநேகமாகப் புட்டு. முழு அரிசிமாப் புட்டு ஆறினால் தொண்டையில் அடைக்கும், அதனால் அவித்து அரித்த கோதுமை மாவும் அரிசிமாவும் கலந்து குழைக்கிறது. இதுவே எங்கள் ஊர்ப் பழக்கமும்தான், கோதுமை மா சேர்ந்தால் ஆறினாலும் கொஞ்சம் மெதுமையாக இருக்கும். இறக்கின உடனேயே தட்டத்தில் உதிர்த்துப் பரப்பி ஆவியைப் போகவிட்டு, பிறகு வெங்காயமும் செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும் நல்லெண்ணெயில் தாளித்து, ஒரு முட்டை உடைத்து ஊற்றி, புட்டைப் போட்டுப் பிரட்டி எடுத்தால் கறியே தேவையில்லை. இடியப்பத்தையும் இப்படிச் செய்யலாம், எனக்குப் புட்டுத்தான் பிடிக்கும்.

ஆவி போகாமல் கட்டுவதுதான் பாதிச் சாப்பாட்டைக் கெடுக்கிறது. சூட்டோடு பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்தால் மூடியில் வியர்த்து அந்தத் தண்ணீர் திரும்பச் சாப்பாட்டிலேயே சொட்டும். சோற்றுப் பார்சல் சுற்றுகிற லஞ்ச் சீற்றும் அப்படித்தான், 2017இல் பொலித்தீன் லஞ்ச் சீற்றைத் தடை செய்தபோது எல்லாரும் முணுமுணுத்தார்கள், எனக்கு அது போனது நட்டமாகத் தெரியவில்லை. வாழையிலையின் நடுத்தண்டைச் சீவி, நெருப்பில் மேலால் பிடித்தால் இலை ஒரு மாதிரி மினுங்கிக்கொண்டு கரும்பச்சையாகும், அப்போது மடித்தாலும் கிழியாது. அதில் கட்டி மேலே பேப்பரால் சுற்றினால் வியர்வையைப் பேப்பர் குடித்துக்கொள்ளும்.

முறிகண்டிக்குப் பின்னுக்கு ராசா, பொரித்து இடித்த சம்பல். பச்சைத் தேங்காய்ச் சம்பல் எங்கள் வெயிலுக்கு அரை நாள்கூடத் தாங்காது, இது நாள்கணக்கில் கிடக்கும், லண்டனுக்கும் கனடாவுக்கும் போகிற பார்சல்களில் இது இல்லாத பார்சல் குறைவு. செத்தல் மிளகாயை நல்லெண்ணெயில் கறுக்க விடாமல் பொரித்து எடுத்து, அதே எண்ணெயில் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் மொறுமொறு என்று வருமட்டும் பொரித்து, தேங்காய்ப்பூவைத் தனியாக மெல்லிய நெருப்பில் வறுக்க வேண்டும். இந்த இடத்தில்தான் பொறுமை வேண்டும். மேலே பொன்னிறம் வந்துவிடும், உள்ளே ஈரம் நிற்கும். நான் அவசரப்பட்டுச் சட்டியை இறக்கப் போனால் மனுசி, "இஞ்சாருங்கோ, கையில எடுத்து நசிச்சுப் பாருங்கோ, இன்னும் ஈரம் கிடக்கு" என்பா. விரலுக்கு நடுவில் உமிபோல நொறுங்க வேண்டும். பிறகு உப்பு, பழப்புளி. புளியைத் தண்ணீரில் கரைக்கவே கூடாது, கொட்டையும் நாரும் எடுத்துவிட்டு அப்படியே போட்டு உரலில் இடிக்கிறது. மிக்சியில் அடித்தால் தேங்காய் எண்ணெய் கக்கிக் களியாகிப் போகும். ஈரமில்லாத கண்ணாடிப் போத்தல், ஈரமில்லாத கரண்டி, அவ்வளவுதான்.

இதற்குத் துணை தோசை. வெந்தயமும் மஞ்சளும் போட்டு, தாளிதம் கலந்து சுடுகிற எங்கள் ஊர்த் தோசையை இரண்டு பக்கமும் நல்லெண்ணெய் விட்டுச் சுட்டால் ஆறினாலும் விறைக்காது, மாவும் புளித்தமா என்பதால் சோற்றைவிடக் கொஞ்சம் தாங்கும். தேங்காய்ப்பூ ரொட்டியை ஆட்கள் புகழுவார்கள், சுடச்சுட என்றால் நானும் புகழுவேன், ஆறின பிறகு அதைக் கடிக்கிறதற்கு இளவயதாக இருக்க வேண்டும். சோறே வேண்டும் என்கிற நாளில் புளிச்சாதம், புளியும் எண்ணெயும் தாராளமாக விட்டு, சோற்றைப் பரப்பி ஆறவைத்த பிறகே பிரட்டி, அதையும் அனுராதபுரம் தாண்ட விடாமல் முடித்துவிடுவோம்.

மீன் கட்டுவதில்லை. நாள் முழுக்க அந்த மணத்தோடு இருப்பவனுக்குச் சாப்பாட்டிலும் அதுவா. நெத்தலிக் கருவாடு மட்டும் மொறுமொறுவென்று பொரித்துச் சின்ன டின்னில் வரும், அதுவும் வெள்ளிக்கிழமை வராது. நல்லூர்த் திருவிழா 25 நாளும் வீட்டில் சைவம், பின்னால் லொறி நிறைய அறக்குளா, முன்னால் சாரதிக்கு வாழைக்காய்ப் பொரியல். கூட வருகிற தம்பிக்கு இது பெரிய பகிடி. "அண்ணை, பின்னால கிடக்கிற மீனுக்கு உங்களைப் பற்றித் தெரிஞ்சா கோவிக்கும்" என்பான்.

முட்டையை அவித்துக் கோதோடு கொண்டுபோவது, தண்ணீர்ப் போத்தலை முக்கால் அளவு நிரப்பி உறையவைத்து அதோடு ஒரு சின்ன ரெஜிபோம் பெட்டியில் வைத்தால் முட்டையும் குளிர்ந்து கிடக்கும், ஐஸ் உருக உருகக் குடிக்கவும் தண்ணீர். பருத்தித்துறை வடை, பயற்றம் பணியாரம், பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியல், இதெல்லாம் எங்கள் ஆட்கள் பிறிட்ஜ் வரமுதலே யோசித்து வைத்துவிட்டுப் போன சாமான்கள், நாங்கள் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. புழுக்கொடியல் சவைக்கிறதற்குத் தாடை நோகும், ராத்திரி ஓட்டத்துக்கு அது நல்லது, வாய் வேலை செய்துகொண்டிருந்தால் கண் சொருகாது.

புத்தளம் தாண்டின பிறகு வயிறு நிறையச் சாப்பிடுவது கிடையாது. நடுச்சாமம் கழிந்த நேரம், நேரான வீதி, வயிறு நிறைந்தால் நித்திரை தானாக வரும். ஒரு வாழைப்பழம், பிளாஸ்கில் இருக்கிற இஞ்சிப் பிளேன்ரீ, ஒரு கடி பனங்கட்டி. அந்தப் பழத்தைத் தவிர மற்ற எதையும் கையால் தொட்டுச் சாப்பிடாதபடி கரண்டி ஒன்று டாஷ்போர்ட்டில் எப்போதும் கிடக்கும், மீன் பெட்டி தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ எல்லா இடத்திலும் குழாய் கிடைக்காது.

திரும்பி வரும்போது லொறி வெறும் லொறி, ஐஸ் கவலை இல்லை. சிலாபத்தில் நிறுத்தி, கடையில் சூடாகச் சோறு, பருப்பு, அப்பளம், கேட்டுக் கேட்டுச் சொதி. விலை ஏறித்தான் கிடக்கிறது, இருந்தாலும் அந்த ஒரு நேரத்துக்குக் கணக்குப் பார்ப்பதில்லை.