முன்னுரையை அடித்துவிடுங்கள்: ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கு

பணி ஓய்வுக்குப் பிறகு அனுபவக் கட்டுரை எழுத ஆசைப்படும் ஆசிரியர்கள் முதலில் கேட்பது, "எதைப் பற்றி எழுதுவது?" என்றுதான். தொடக்கப் பள்ளியில் இத்தனை காலம் குப்பை கொட்டியவர்களுக்கு விஷயத்துக்கா பஞ்சம்?

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று சொல்லிக் கொடுத்தே பழகிவிட்டோம். பேனாவை எடுத்தாலே "மனித வாழ்வில் கல்வி இன்றியமையாதது" என்று கை தானாக ஆரம்பித்துவிடுகிறது. ஆரம்பிக்கட்டும், தடுக்க வேண்டாம். எழுதி முடித்ததும் அந்தப் பத்தியை அடித்துவிட்டு இரண்டாவதிலிருந்து தொடங்குங்கள். கடைசியில் கட்டாயம் ஒரு நீதி சொல்லியிருப்பீர்கள். அதையும் அடியுங்கள்.

"வறுமையால் மாணவர்கள் ஒழுங்காகப் பள்ளிக்கு வருவதில்லை." மேலதிகாரிக்குப் போகும் அறிக்கைக்கு இது போதும். ஆனால் எங்கள் ஊரில் கடலை பறிப்பு நடக்கும் நாட்களில் ஐந்தாம் வகுப்பில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். கூலி காசாக வராது, பறித்ததில் ஒரு பங்குதான். வீட்டிலிருந்து எத்தனை கை போகிறதோ அத்தனை லாபம். திரும்பி வந்த ஒருவனிடம் லீவ் லெட்டர் கேட்டேன். டவுசர் பையிலிருந்து ஒரு கைப்பிடி பச்சைக்கடலையை மண்ணோடு எடுத்து வருகைப் பதிவேட்டின் மேலேயே வைத்தான். நகக்கண்ணெல்லாம் செம்மண். திட்டுவதா, வாங்கிக்கொள்வதா? இதை எழுதிவிட்டால் வறுமை என்ற சொல்லுக்கே வேலை இல்லை.

வயதாகிவிட்டது என்பவர்கள் உ.வே.சாமிநாதையரை நினைத்துக்கொள்ளலாம். கும்பகோணம் கல்லூரியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் ஆசிரியராக இருந்தவர். 'என் சரித்திர'த்தை ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கியது 1940இல், 84 வயதில். 1942இல் அவர் மறைந்தபோது அது முடிந்திருக்கவில்லை. அதில் எனக்குப் பிடித்தவை அவர் தன்னைப் பற்றிச் சொல்லும் இடங்களைவிட, தன் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பற்றிச் சொல்லும் இடங்கள்தான். பிள்ளை செய்யுள் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதப்படும் காட்சிகளை ஒருமுறை படித்துப் பாருங்கள். பாராட்டுச் சொற்களை அடுக்காமல் ஒருவரை எப்படிக் கண்முன் நிறுத்துவது என்று அங்கே தெரியும்.

தட்டச்சுக்குப் பயப்பட வேண்டாம். தமிழ்99 விசைப்பலகை கொஞ்ச நாளில் கைவந்துவிடும். செல்பேசியில் பேசியும் எழுதலாம், ஆனால் ல, ள, ழ குழம்பும், ஒற்று விட்டுப்போகும். அதைத் திருத்த நம்மை விட்டால் ஆள் யார்? (1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் படித்தவள் நான். கையால் எழுதினால் இன்னும் துதிக்கை போட்ட 'லை'தான் வருகிறது.) முதலில் ஐந்நூறு சொல்லுக்குள் எழுதிப் பழகுங்கள்.

மாணவர்களைப் பற்றி எழுதும்போது பெயரை மாற்றிவிடுங்கள். மாற்றினாலும் ஊரில் கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் முடிந்தால் அவர்களிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. கடலை வைத்த பையனுக்கு இப்போது கல்யாண வயதில் பெண் இருக்கிறாள். பத்திரிகைக்கு அனுப்பும் முன் போனில் முழுதும் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கடலை இருக்கட்டும் டீச்சர். அதுக்கு அடுத்து எங்கப்பாவைப் பத்தி வருதே, அதை மட்டும் எடுத்துடுங்க" என்றான். எடுத்துவிட்டேன். கட்டுரையிலேயே நன்றாக வந்திருந்த பத்தி அது.