ஓடும் வண்டியில் ஏறியவர்

2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக் பயிற்சியில் இந்திய லூஜ் வீரர் சிவா கேசவன் விழுந்த வீடியோ இன்றைக்கு மறுபடி கண்ணில் பட்டது. லூஜ் என்றால், சின்னச் சறுக்குவண்டியில் மல்லாந்து படுத்து, காலை முன்னால் நீட்டிக்கொண்டு, பனிக்கட்டிப் பாதையில் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் பாய்வது. பிரேக் கிடையாது. ஒரு வளைவில் மனிதர் வண்டியிலிருந்து கீழே வந்துவிடுகிறார். முதுகு பனியில் தேய்கிறது, ஆனால் கை வண்டியை விடவில்லை. சில நொடிதான். டவுன் பஸ்ஸில் தொற்றி ஏறுகிற மாதிரி ஏறிப் படுத்து, ஓட்டத்தை முடித்தேவிட்டார்!

மணாலிக்காரர். சக்கரம் மாட்டிய வண்டியில், மலைச்சாலையில், லாரிக்கும் ஆட்டு மந்தைக்கும் நடுவே பழகியவர். 1998 நாகானோவில் 16 வயதில் தொடங்கி 2018 வரை ஆறு ஒலிம்பிக். இந்திய ஒலிம்பிக் சங்கம் தடையில் இருந்ததால் சோச்சியில் ஒலிம்பிக் கொடியின் கீழ்தான் இறங்கினார் (அந்தக் கூத்து தனிக்கதை). 37ஆவது இடம்.

கூட உட்கார்ந்து பார்த்த பையன், "பிரேக் இல்லாம எப்படிப்பா நிக்கும்?" என்றான். கடைசியில் பாதை மேடேறும், வேகம் குறையும், எழுந்து உட்கார்ந்து காலை ஊன்றி நிறுத்துவார்கள் என்றேன். நம்பவில்லை.