நெருங்கிய பொருளுடைய ஆங்கிலச் சொற்களுக்கு நடுவே

ஆங்கிலம் பேசும் நாட்டுக்குக் குடிபெயரும் நம்மில் பலரும் அந்த மொழியைப் பள்ளியிலேயே படித்தவர்கள்தான். ஆகவே, வந்த புதிதில் நம்மைத் தடுமாற வைப்பது சொல் தெரியாமை அன்று. ஒரே பொருள் என்று மனப்பாடம் செய்துவைத்த நான்கைந்து சொற்களுள் எதை எவரிடம் சொல்வது என்பதே.

வேலைக்குச் சேரும் நம்மவர்களிடம் நான் முதலில் பேசுவது 'டவுட்' பற்றித்தான். தமிழில் சந்தேகம் என்பது தெளிவு வேண்டுவதையும் நம்பாமையையும் ஒருங்கே குறிப்பதால், விளக்கம் கேட்க விரும்பும் நாம் இயல்பாக 'எனக்கு ஒரு டவுட்' என்று தொடங்கிவிடுகிறோம். இங்குள்ளவர்களின் காதிலோ அது, சொன்னதை நாம் நம்பவில்லை என்பதுபோல் விழக்கூடும். அந்த இடத்துக்கு உரியது 'க்வெஸ்டின்'. ஆனால், அதே சொல் வினையாக மாறும்போது நிறமும் மாறிவிடுகிறது. 'ஆஸ்க்' பழைய ஆங்கிலச் சொல். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் பிரெஞ்சு வழியே வந்தது 'க்வெஸ்டின்'. லத்தீனிலிருந்து வந்தது 'இன்டராகேட்'. மூன்றும் கேட்பதுதான் என்றாலும், நண்பர் கேட்பதற்கு முதலாவதும் காவல்துறை கேட்பதற்குப் பின்னிரண்டுமே பொருந்தும். உறவினரின் நலத்தையும் குற்றவாளியையும் ஒரே வினையால் 'விசாரிக்கும்' நமக்கு இந்தப் பிரிவினை பழக நாளாகிறது.

இந்த வேறுபாடு எங்கும் முக்கியம்தான். ஆனால், மருத்துவரின் அறையில் அது உடம்போடு தொடர்புடையதாகிவிடுகிறது. அம்மாவை அழைத்துக்கொண்டு போயிருந்தபோது, எந்த மாதிரி வலி என்று மருத்துவர் கேட்டார். 'எலும்புக்குள்ள குடையுதுப்பா' என்றார் அம்மா. 'பெயின்' என்று மட்டும் சொல்லிவிட்டால் அம்மா சொன்னதில் பாதி தொலைந்துபோகும். 'ஏக்' என்பது விடாமல் தொடரும் மந்தமான வலி, 'ஷார்ப்' என்பது சுருக்கென்று குத்துவது, 'த்ராபிங்' என்பது விண்விண்ணென்று தெறிப்பது, 'பர்னிங்' எரிவது. இவற்றை அலங்காரச் சொற்களாக அவர்கள் கருதுவதில்லை. வலியை அளக்க 1975இல் கனடிய உளவியலாளர் ரொனால்டு மெல்சாக் வெளியிட்ட மெகில் வினாநிரல், வலியை விவரிக்கும் 78 சொற்களை 20 தொகுதிகளாக அடுக்கி, பொருந்தும் சொற்களை நோயாளியையே தேர்ந்தெடுக்கச் செய்கிறது. கடுப்பு, குடைச்சல், உளைச்சல், குத்தல், எரிச்சல், இசிவு என்று வலிக்கு இத்தனை பெயர் வைத்திருக்கும் நம் மக்களிடம் நுண்மைக்குக் குறைவே இல்லை. அதை மறுகரைக்குக் கொண்டுசெல்லும் சொல்தான் உடனே கைக்கு வருவதில்லை. குடைச்சலுக்கு நிகரான ஒற்றைச் சொல்லைத் தேடாமல், எலும்பின் உள்ளிருந்து துளைப்பது போல, இரவில் கூடுதலாக, விட்டுவிட்டு வருகிறது என்று முழு வாக்கியமாகவே சொன்னேன். மருத்துவர் அதை அப்படியே கணினியில் பதிந்துகொண்டு, அடுத்த கேள்விக்குப் போனார்.

அதனால்தான், நெருங்கிய பொருளுடைய சொற்களைத் தனித்தனியாகப் பட்டியலிட்டுப் படிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. ஒரு சொல்லைக் கேட்ட இடம், சொன்னவர், அதற்கு முன்னும் பின்னும் வந்த சொற்கள் ஆகியவற்றோடு முழு வாக்கியத்தையும் குறித்துவைத்தால், அடுத்த முறை தேவைப்படும்போது அந்தச் சூழலே சரியான சொல்லை எடுத்துக் கொடுக்கிறது.