சிக்கலில் வேல் வாங்கும் நாளில் எங்கள் பிள்ளையோடு

நாகப்பட்டினத்துக்கு அருகே உள்ள சிக்கலில் வேல் வாங்கி, முருகன் செந்தூரில் சூரனை வென்றான் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஐப்பசியில் கந்த சஷ்டியின் ஐந்தாம் நாள் சிங்காரவேலர் அன்னை வேல்நெடுங்கண்ணியிடம் வேல் வாங்குவதைக் காண்பது எங்கள் குடும்பத்துக்குப் புதிதன்று. ஆனாலும் இந்த முறை, பட்டாளப் பயிற்சிக்குப் புறப்பட இருக்கும் மகனை உடன் அழைத்துக்கொண்டு நின்றபோது, வேல் வாங்கும் பிள்ளையை விட்டு, எடுத்துக் கொடுக்கும் தாயின் மேலேயே என் கண் நிலைத்துவிட்டது.

மணமாகி நெடுங்காலம் பிள்ளையில்லாமல் இருந்து அந்தச் சன்னிதியில் வேண்டிப் பெற்றவன் அவன். வேண்டுதற்படி கைக்குழந்தையாக இருந்தபோதே சுவாமிக்குத் தத்துக் கொடுத்து, என் தாய்மாமன் கையால் தவிடு கொடுத்து மீட்டுக்கொண்டு வந்தோம். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை என்றுதான் என் மாமியார் கடைசிவரை அவனைச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளை வாய்க்கால் கரையில் இருட்டோடு எழுந்து ஓடிப் பழகி, 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்து, மருத்துவச் சோதனையும் தேறி, வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்ட் மையத்தில் அக்னிவீரனாகச் சேர உத்தரவு வாங்கிவிட்டான். 2022-இல் வந்த இந்த அக்னிபத் திட்டத்தில் பணிக்காலம் நான்கே ஆண்டுகள். அதன் பிறகு நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள் என்பதால், மற்றவர்களில் ஒருவனாகிவிட்டால் என்ன செய்வான் என்பது அவன் தந்தையின் கவலை. எனக்கோ அவ்வளவு தூரம் நினைப்பே செல்லவில்லை. மார்கழிப் பனிக்கே இழுத்துப் போர்த்திக்கொள்பவன் நீலகிரிக் குளிரில் விடியுமுன் எழுந்து எப்படி ஓடுவான், அதட்டிப் பேசினால் முகம் வாடிவிடுபவன் அங்கே அதட்டலை எப்படித் தாங்குவான் என்பதிலேயே என் மனம் சுற்றிச் சுற்றி வந்தது.

பதினெட்டு வயது நிறையவில்லை என்பதால் சேர்க்கைப் படிவத்தில் பெற்றோர் கையொப்பமும் வேண்டியிருந்தது. அவர் பேனாவை எடுத்தார், வைத்தார், சம்பா நடவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வயலுக்குப் போய்விட்டார். இரவில் வந்து, "சிக்கலுக்குப் போய்ட்டு வந்து போட்டுக்கலாம்" என்று மட்டும் சொன்னார். நான் வற்புறுத்தவில்லை, என்னிடம் நீட்டியிருந்தாலும் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

திருவாரூரில் பேருந்து ஏறும்போதே நல்ல மழை. கோயிலுக்கு வெளியே ஒருவர், வேல் வாங்கும் நேரத்தில் சுவாமிக்கு அருகிலேயே நிறுத்துவதாகச் சொல்லி ஆளுக்கு ஒரு தொகை கேட்டுப் பின்னாலேயே வந்தார். விரதம் இருந்து ஈரத் துணியோடு நிற்கும் கிழவிகளிடம்கூட அவர் அதே பேரத்தைப் பேசியதைப் பார்க்க மனம் கொதித்தது. உள்ளே நெரிசலோ சொல்லி முடியாது. போதாததற்கு முன்னால் நின்றவர்கள் எல்லாரும் கைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டதால், குழந்தைகளைத் தூக்கி வந்தவர்கள் திரைகளைத்தான் தரிசித்தார்கள். வரிசையில் எங்களுக்குப் பக்கத்தில் ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர் நின்றிருந்தார். அதே ரெஜிமெண்டில் இருந்தவராம். 1758 முதல் இருக்கிற படை அது என்று பெருமையோடு சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "ஆரம்பத்துல போன் வராதும்மா, வரலைன்னு பதறாதீங்க" என்றார். முன்பின் அறியாதவர் வாயால் முருகனே சொல்லி அனுப்பியதாகத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

சிங்காரவேலர் அன்னையின் சன்னிதிக்கு எழுந்தருளினார். தீபாராதனை நடந்தது. அன்னையிடமிருந்து வேல் பிள்ளையின் கைக்கு வந்த அந்த நொடியில் எழுந்த "அரோகரா" முழக்கத்தில் என் குரல் மட்டும் எழும்பவில்லை. சூரனின் வலிமை அந்தத் தாய்க்குத் தெரியாததா? தெரிந்தே கொடுக்கிறாள், தன் சக்தி முழுவதையும் அதில் வைத்துக் கொடுக்கிறாள். பிறகு ஐம்பொன் திருமேனியில், முதலில் திருமுகத்திலும் பின்பு மார்பிலும், முத்து முத்தாக வியர்வை அரும்பத் தொடங்கியது. குருக்கள் பட்டுத் துணியால் ஒற்றி எடுக்க எடுக்க மீண்டும் அரும்பியது. அன்னை தந்த வேலின் வெம்மை என்று பெரியவர்கள் சொல்வார்கள். என் மகன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, சிறுபிள்ளையாக இருந்தபோது கேட்ட அதே குரலில், "அம்மா, சாமிக்கே வேர்க்குதும்மா" என்றான். அவனுக்கும் உள்ளே பயம் இருக்கிறது என்பதை அந்தச் சொல்லில்தான் அறிந்தேன். உத்தரவு வந்த நாளிலிருந்து என் முன்னால் சிரித்துக்கொண்டே திரிந்தவன். எத்தனையோ ஆறுதல் சொல்ல நினைத்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு, துணியை மீறி மீண்டும் மீண்டும் அரும்பிய அந்த வியர்வையையே பார்த்துக்கொண்டு நின்றேன். தேவசேனாபதிக்கே வேர்க்கிறது என்றால் என் பிள்ளைக்கு வேர்ப்பதில் என்ன குறை, அப்பனே, அந்தப் பட்டுத் துணியை அவனுக்காகவும் ஒரு கை நீட்டு என்று வேண்டினேன்.

அங்கே மூலவரான சிவபெருமான் வெண்ணெய்ப்பிரானைத் தரிசித்து, கோலவாமனப் பெருமாளையும் சேவித்துவிட்டுப் பிராகாரத்தில் அமர்ந்தோம். மகன் பிரசாதம் வாங்கி வரச் சென்றிருந்த நேரத்தில் அவர் பையிலிருந்து அந்தப் படிவத்தை எடுத்தார். நனையாமல் இருக்க உறையில் போட்டு அங்கேயே கொண்டு வந்திருக்கிறார், என்னிடம் சொல்லவேயில்லை. திருநீற்றுக் கையோடு கையெழுத்திட்டார். அன்று தவிடு கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தோம், இம்முறை வாங்காமல் போகிறோம் என்றார். நான் தாங்கமாட்டாமல் அழுதேன். அது துக்கம் என்று சொன்னால் பொய்யாகும்.

மன்னார்குடியில் செம்மொழி எக்ஸ்பிரஸ் ஏற்றிவிட வேண்டும். கோவையிலிருந்து மற்ற பையன்களோடு மலையேறுகிறான். பயிற்சி முடிந்து உறுதிமொழி எடுக்கும் அணிவகுப்புக்கு நாங்கள் இருவரும் செல்வதாக இருக்கிறோம். அடுத்து அவனுக்கு விடுப்புக் கிடைக்கும்போது அவனையே பால்குடம் எடுக்க வைப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன். சிங்காரவேலா, கேட்டபோது கொடுத்தாய். தவிட்டை வாங்கிக்கொண்டு இத்தனை ஆண்டுகள் என் வீட்டில் வளர விட்டாய். அதற்கே நான் எந்நாளும் கடன்பட்டவள். அவனை உன் படையாளாக வைத்துக் காப்பாற்று.