கேட்காமல் எறிந்த பைகள்

வவுனியாவில் படித்தபோது என்னோடு ஒரே அறையில் இருந்த தங்கச்சி முல்லைத்தீவுப் பக்கத்துப் பிள்ளை. அவளின் கட்டிலுக்குக் கீழே வெறும் யோகட் கப், தண்ணீர்ப் போத்தல், ஏ.எல். காலத்து ரியூட்கள், மை முடிந்த பேனைகள், ஓர் உரப்பை நிறைய மடித்த சொப்பிங் பைகள். இரண்டாம் வருடம் முடியும்போது கட்டிலில் பாதியையும் அவை பிடித்துவிட்டன, அவள் சுவரோடு ஒட்டி ஒருக்களித்துப் படுப்பாள்.

பொங்கல் லீவுக்கு அவள் ஊருக்குப் போன நேரம் நான் எல்லாவற்றையும் அள்ளிக் கொளுத்திவிட்டேன். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்தவள் வெறும் நிலத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். "அக்கா, ஒரு சொல் கேட்டிருக்கலாமே" என்றாள். அன்றிரவு அவள் நித்திரை கொள்ளவில்லை. இரண்டு மாதத்தில் முன்னையைவிடக் கூடுதலாகச் சேர்ந்தது.

பிறகுதான் இதைப் பற்றித் தேடி வாசித்தேன். ஹோர்டிங் டிஸோடர் என்று பெயர், எதையும் எறிய முடியாமல் சேர்த்துக்கொண்டே போகும் நோய். முன்பு இதை ஓ.சி.டி.யோடு, அதாவது வேண்டாத எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் நோயோடு, சேர்த்துத்தான் பார்த்தார்கள், 2013இல் வந்த டி.எஸ்.எம்-5 என்ற அமெரிக்க மனநோய்க் கையேடுதான் தனி நோயாகப் பிரித்தது. பெரும்பாலும் பதின்ம வயதிலேயே தொடங்கி, வயது ஏற ஏற முற்றும். இது சோம்பல் இல்லை. எறிய நினைத்தாலே நெஞ்சு பதறும், எதை வைப்பது எதை விடுவது என்று முடிவெடுக்கவே முடியாது. மற்றவர்கள் பலவந்தமாகத் துப்புரவாக்கினால் அந்தப் பதற்றம் இன்னும் கூடும், நான் செய்தது அதைத்தான்.

2009இல் அவளுக்கு 6 வயது. யுத்தத்தில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் தறப்பாளுக்குக் கீழே இருந்தவர்களுக்கு ஒரு வெறும் போத்தலும் சொத்துத்தான். அதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை, அதே தண்ணீர் வரிசையில் நின்ற எத்தனையோ பிள்ளைகளுக்கு இது வரவில்லை, எங்கள் அம்மாக்கள் பை மடித்து வைப்பது நோயும் இல்லை. ஆனால் "நாளைக்குத் தேவைப்பட்டால் என்ன செய்யிறது அக்கா?" என்று அவள் கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். மனநல கிளினிக்குக்கு அவளோடு நானும் போனேன். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரேயொரு பையைப் பிரிப்போம், எதை எறிவதென்று அவள்தான் சொல்வாள், நான் தொடமாட்டேன். முதல் ஞாயிறு மூன்று பேனைகள் போயின. அதற்கே ஒரு மணித்தியாலம் எடுத்தது.

உங்கள் பக்கத்துக் கட்டிலிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் தயவுசெய்து பைகளில் கைவைக்காதீர்கள், முதலில் பக்கத்தில் இருந்து கதையுங்கள். கிளினிக்குக்குப் போகக் கூச்சமென்றால் 1926க்கு எடுக்கலாம், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், நடுச்சாமத்திலும் எடுப்பார்கள்.