இதய ஸ்கேன்: எதைத் தேர்வது?

படியேறும்போது நெஞ்சு இறுகி, நின்றதும் தளர்ந்துவிடுகிறது என்று ஒருவர் சொன்னால், இதயத் தசைக்குப் போதிய ரத்தம் போகவில்லையோ என்ற ஐயம் எழுவது இயல்பு. அப்போது எந்த ஸ்கேன் சிறந்தது என்றே பலரும் கேட்கிறார்கள். அதைவிட, நாம் அறிய விரும்புவது ரத்தக்குழாயின் அமைப்பையா, தசைக்குச் சென்று சேரும் ரத்தத்தின் அளவையா என்று கேட்பதே பயன் தரும் என்பது என் கருத்து.

குழாயின் அமைப்பைக் காட்டுவது, சாய மருந்து செலுத்தி எக்ஸ்-கதிரால் இதய ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராம். குழாய்ச் சுவரில் கொழுப்பு போன்ற படிவு ஏதும் இல்லை என்று அது சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். ஸ்காட்லாந்தில் 4,146 பேரிடம் நடந்த ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2018-இல் வெளியானது. வழக்கமான கவனிப்புடன் இந்தச் சோதனையும் செய்துகொண்டவர்களில் 2.3 சதவீதத்தினருக்கும், செய்துகொள்ளாதவர்களில் 3.9 சதவீதத்தினருக்கும் மாரடைப்போ இதயநோயால் மரணமோ நேர்ந்தது. ஆனால் குழாயில் சுண்ணாம்புப் படிவு மிகுந்திருந்தால் அடைப்பு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். நடுத்தர அடைப்பு ரத்த ஓட்டத்தை உண்மையிலேயே குறைக்கிறதா என்பதையும் படத்தை மட்டும் வைத்துச் சொல்வது கடினம்.

அங்கேதான் இதயத்தை உழைக்க வைத்துப் பார்க்கும் சோதனைகள் தேவைப்படுகின்றன. உழைக்கும் இதயத்தை ஒலி அலைகளால் படமெடுக்கும் ஸ்ட்ரெஸ் எக்கோவில் கதிர்வீச்சு இல்லை. நெஞ்சுக்கூட்டின் வழியே படம் தெளிவாகக் கிடைக்கவேண்டும், அவ்வளவுதான். சிறிதளவு கதிரியக்க மருந்தை ஊசியால் செலுத்தி எடுக்கும் சாதாரண அணு மருத்துவ ஸ்கேன், தசையின் ஒரு பகுதியை மற்றொரு பகுதியோடு ஒப்பிட்டே குறையைக் காட்டுவதால், இதயத்தின் மூன்று முக்கிய ரத்தக்குழாய்களும் ஒரே அளவில் சுருங்கியிருந்தால் படம் ஏமாற்றக்கூடும். ஒரு கிராம் தசைக்கு நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் ரத்தம் போகிறது என்று, கதிரியக்க மருந்தைக் கொண்டே எடுக்கும் இன்னொரு வகையான பெட் ஸ்கேனால் அளக்க முடிவதால், அது இத்தகைய பாதிப்பையும் பிடித்துவிடுகிறது. உடல் பருமன் மிகுந்தவர்களுக்கும் அதுவே தெளிவான படம் தரும். எம்.ஆர்.ஐ. தசையின் உள்ளடுக்கில் மட்டும் ஏற்படும் குறையைக்கூட நுட்பமாகக் காட்டும். குறுகிய குழலுக்குள் படுக்க அஞ்சுபவர்கள் அதை முன்பே சொல்லிவிடுவது நல்லது.

நோயாளியின் உடல்நிலையும் தேர்வை மாற்றும். ஈ.சி.ஜி.யில் இடது கிளை அடைப்பு (ரத்தக்குழாய் அடைப்பு அன்று, இதயத்தின் இடப்பக்கம் மின்தூண்டல் செல்லும் பாதையில் தடை) இருப்பவர்களுக்கு நடைப்பயிற்சிச் சோதனை பொய்யான குறையைக் காட்டக்கூடும் என்பதால், நடைப்பயிற்சிக்குப் பதில் ரத்தக்குழாயை விரிக்கும் அடினோசின் போன்ற மருந்து விரும்பப்படுகிறது. கடுமையான ஆஸ்துமா உள்ளவர்களுக்கோ அதே அடினோசின் மூச்சிறைப்பைத் தூண்டக்கூடும். அடினோசின் சோதனைக்கு முன் குறைந்தது 12 மணி நேரம் காப்பி, தேநீர் தவிர்க்கச் சொல்வதும் சடங்குக்காக அன்று. அவற்றிலுள்ள காஃபீன் மருந்தின் வேலையைத் தடுத்து, உள்ள குறையை மறைத்துவிடும்.