சொல்லாமல் விட்ட வரியைத் தேடும் பயிற்சி

வாதங்களை எடைபோடக் கற்றுக்கொள்ளப் போனால் முதலில் கையில் கிடைப்பது தர்க்கப் பிழைகளின் பட்டியல்தான். அதைப் பாதியில் மூடி வைத்துவிட்டேன். ஒரு பிழைக்குப் பெயர் சூட்டியதுமே யோசனை நின்றுபோகிறது. காரணம் மோசமாக இருப்பதாலேயே முடிவு பொய்யாகிவிடாது என்பதைப் பட்டியல் மறக்கடித்துவிடுகிறது.

இப்போது செய்வது வேறு. ஒரு தலையங்கத்தையோ விளம்பரத்தையோ எடுத்து, அதன் முடிவை ஒரு வரியில் எழுதுகிறேன். கீழே காரணங்கள். அப்புறம் இரண்டு கேள்விகள். காரணம் உண்மையா? உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், அது முடிவு வரை கொண்டுபோய்ச் சேர்க்குமா? இரண்டையும் கலக்காமல் கேட்பதற்கே பழக்கம் வேண்டியிருக்கிறது. 'மீன்கள் எல்லாம் நீந்தும், சுறா நீந்தும், ஆகவே சுறா மீன்.' முடிவு சரி என்பதால் தலையாட்டத் தோன்றும். சுறா இருந்த இடத்தில் திமிங்கிலத்தைப் போட்டால் ஓட்டை தெரிந்துவிடும். இந்த ஆள்மாற்று உத்தி எனக்கு மிகவும் உதவுகிறது.

ஆனால் அதிகம் கற்றுத்தந்தது மூன்றாவது வேலை: காரணத்துக்கும் முடிவுக்கும் நடுவே சொல்லாமல் விட்ட வரியை எழுதிப் பார்ப்பது. தத்துவ அறிஞர் ஸ்டீபன் டூல்மின் 1958இல் வாதத்தின் ஒரு தனி உறுப்பாகவே அதைப் பிரித்துக் காட்டினார். 'இந்தக் கஷாயம் குடித்தேன், ஒரு வாரத்தில் சளி போய்விட்டது, ஆகவே கஷாயம்தான் குணப்படுத்தியது' என்பதில் மறைந்திருக்கும் வரி, 'குடிக்காவிட்டால் போயிருக்காது'. எழுதியதுமே சந்தேகம் வருகிறதல்லவா? சாதாரண சளி பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாளில் தானாகவே போய்விடும்.

மணிமேகலையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் சொல்லித்தரும் அளவை முறையும், அதாவது தர்க்க முறையும், இங்கேதான் கைகொடுத்தது. இம்மலையில் நெருப்பு உண்டு என்பது 'பக்கம்', அதாவது நிறுவ வேண்டிய முடிவு. புகை இருப்பதால் என்பது 'ஏது', அதாவது காரணம். அடுக்களை போல என்பது 'திட்டாந்தம்', அதாவது எடுத்துக்காட்டு. திட்டாந்தத்திலும் இரண்டு வகை: இரண்டும் சேர்ந்திருக்கும் இடத்தைக் காட்டுவது சாதன்மியம், நெருப்பில்லாததால் புகையும் இல்லாத இடத்தைக் காட்டுவது வைதன்மியம். நாம் பெரும்பாலும் முதலாவதோடு நின்றுவிடுகிறோம். குடித்துக் குணமானவர்களை எண்ணுகிறோம், குடிக்காமல் குணமானவர்களை யாரும் எண்ணுவதில்லை. உளவியலாளர் பீட்டர் வேசன் 1960இல் வெளியிட்ட சோதனையும் இதைத்தான் காட்டியது. 2, 4, 6 என்ற எண்களின் பின்னுள்ள விதியை, வேறு மூன்று மூன்று எண்களைச் சொல்லி அவை பொருந்துமா என்று கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். பலரும் தங்கள் ஊகத்துக்குப் பொருந்தும் எண்களையே சொல்லிப் பார்த்தார்கள். விதியோ, ஏறுவரிசையாக இருந்தால் போதும் என்பதுதான். 3, 2, 1 என்றோ 1, 2, 9 என்றோ கேட்டுப் பார்த்தால்தான் அதை நெருங்க முடியும்.

எனக்குப் பிடிக்காத கருத்துகளில் மறைந்த வரியைக் கண்டுபிடிக்க இப்போது அதிக நேரம் ஆவதில்லை. பிடித்த கருத்துகளில் இன்னும் மெதுவாகத்தான் போகிறது. அதனால் நானே அடிக்கடி சொல்லும் ஒன்றை எடுத்திருக்கிறேன்: கையால் எழுதிப் படித்தால் மனதில் நிற்கும். எழுதியும் மறந்துபோனவை, எழுதாமலே நினைவில் நின்றவை என்று இரண்டு பட்டியல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.